கூம்போடு போன உச்சி

பர்ஜிமானுக்கு அந்த ஆர்க்கிட் செடியைக் கண்டாலே ஆகாது.

வாசல் மாமரத்தில், தேங்காய் மட்டையில் கட்டித் தொங்கவிட்டிருந்தது. கொடுத்தவர் எதிர் வீட்டு ஹர்சோயோ. "தண்ணி அதிகம் ஊத்தாதீங்க, வேர் அழுகிடும்" என்று அவர் சுலஸ்த்ரியிடம் சொன்னது பர்ஜிமான் காதில் விழுந்தது. மறுநாளிலிருந்து காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஒரு வாளித் தண்ணீரை அதன் தலையில் கொட்டினார். செடி அழுகவில்லை. மழைக்காலம் முடியும் சமயத்தில் ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்தது.

"உங்க கைராசிதான், மாஸ்" என்றாள் சுலஸ்த்ரி.

மனைவி பாராட்டியும் மகிழ முடியாத நிலைமை யாருக்கும் வரக்கூடாது.

கிளாத்தெனிலிருந்து சோலோவுக்கு முப்பது வருஷத்துக்கு மேல் மினிபஸ் ஓட்டியவர் பர்ஜிமான். முதுகு வலி வந்து வீட்டில் உட்கார்ந்த பிறகுதான், தான் இல்லாத பகல்களில் தன் வீட்டுக்கு ஒரு தனி வாழ்க்கை இருந்தது அவருக்குத் தெரிந்தது. காய்காரி யார், பாலுக்கு யார், யார் வந்தால் சுலஸ்த்ரி சிரிக்கிறாள் என்பதெல்லாம் புதுச் சேதி. ஓட்டுகிற காலத்தில் சாலையை நேராகப் பார்த்து ஓட்டியவர். இப்போது அவருடைய கண் எந்நேரமும் பக்கக் கண்ணாடியிலேயே இருந்தது. அந்தக் கண்ணாடியில் தெரிந்த ஒரே உருவம் ஹர்சோயோ.

ஹர்சோயோ தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர். மீசையை ஒட்ட நறுக்கியிருப்பார். குரலை உயர்த்தவே மாட்டார். மனைவி இறந்த பிறகு தனக்குத் தானே சமைத்துக்கொண்டார். சமைத்ததில் பாதி தெருவுக்குப் போகும். அந்தச் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்ப மாட்டார்கள். சண்டை போட்ட வீடானாலும் ஒரு வாழைப்பழத்தையாவது உள்ளே வைத்துத்தான் அனுப்ப வேண்டும். அதனால் ஒரு பாத்திரம் இரண்டு வீடுகளுக்கு நடுவே நடக்க ஆரம்பித்துவிட்டால், அதை நிறுத்துவது யாராலும் ஆகாது. பச்சை விளிம்பு போட்ட ஒரு எனாமல் கிண்ணம், எதிர் வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் இடையே வெகு நாளாக நடந்துகொண்டிருந்தது. அது வரும்போதெல்லாம் பர்ஜிமான் மூடியைத் தூக்கிப் பார்ப்பார். ஒருநாள் ஊறுகாய். ஒருநாள் வாழைக்காய் வறுவல். எல்லாமே ருசியாக இருந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

இத்தனையும் பொறுத்திருப்பார். ஆகஸ்ட் மாதக் கொடியேற்றத்தன்று நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

அன்று சந்து முழுக்கச் சேர்ந்து தும்பெங் செய்திருந்தார்கள். மஞ்சள் சோற்றை மலை மாதிரி கூம்பாக நிறுத்தி, சுற்றிலும் கறி வகைகளை அடுக்கியிருந்தார்கள். பெண்கள் சங்கத் தலைவி என்பதால் உச்சியை வெட்டும் கத்தி சுலஸ்த்ரியின் கைக்கு வந்தது. வெட்டிய உச்சியை யாருக்குக் கொடுக்கிறோமோ அவருக்குத்தான் அன்றைய முதல் மரியாதை. சுலஸ்த்ரி தட்டை எடுத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள். நேரே போய் ஹர்சோயோவிடம் கொடுத்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். யாரோ ஒருத்தி, "பாக் பர்ஜி பார்த்துக்கிட்டு இருக்காரு" என்று சொல்ல, ஒரே சிரிப்பு.

அந்தச் சிரிப்பு முள்ளாகத் தைத்தது. வெளியே எடுத்துக் காட்டவும் வெட்கம், உள்ளே வைத்திருக்கவும் வலி.

அதனால்தான் சுலஸ்த்ரிக்கு அறுபது வயது நிறைகிற நாள் நெருங்கியபோது, பர்ஜிமான் ஒரு முடிவு எடுத்தார். "ஆடம்பரம் எதுவும் வேண்டாம் மாஸ். பாய் விரிச்சு, நம்ம ஆளுங்க நாலு பேர் உட்கார்ந்து, அவசரமில்லாம மத்தியானம் சாப்பிட்டா போதும்" என்று அவள் சொன்னதுதான் தாமதம்.

"நான் சமைக்கிறேன்" என்றார்.

செமாராங்கில் இருக்கும் மகள் வெனிங், போனில் சேதி கேட்டு முதலில் சிரித்தாள். பிறகு, "அப்பா, வெந்நீர் வைக்கிறது எந்தப் பாத்திரத்திலன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

ஒரு மாதம் வீட்டில் பயிற்சி நடந்தது. கருகிய தெம்பே சோயாக்கட்டி, குழைந்த பீன்ஸ், கல் மாதிரி உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் சுலஸ்த்ரி குறை சொல்லாமல் சாப்பிட்டாள். கடைசி வாரத்தில் அவளே இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள். பர்ஜிமானின் கணக்கு எளிமையானது. சமைத்தவன் கையில்தானே உச்சி வந்து சேர வேண்டும்? இந்த முறை வேறு யாருக்கும் கொடுக்க அவளுக்குக் காரணமே இருக்காது. எதிர் வீட்டுக்காரரை அவர் அழைக்கவும் இல்லை. 'நம்ம ஆளுங்க' என்று அவளே சொன்னாளே.

பிறந்த நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. விடிந்ததிலிருந்து பர்ஜிமான் அடுப்படியில்தான் நின்றார். சுலஸ்த்ரியின் அக்கா தர்மி முக்காலியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தபடி, கூலி வாங்காத மேஸ்திரி மாதிரி வேலையைக் கண்காணித்தாள்.

"கோழி வெந்துடுச்சா?"

"வெந்துடுச்சு, யூ" என்றார் பர்ஜிமான், அக்கா முறை வைத்து.

"நீங்க சொல்றீங்களா, கோழி சொல்லுதா?"

"ரெண்டு பேரும் சேர்ந்துதான் சொல்றோம்."

தேங்காய்ப் பாலில் மஞ்சளும் ரம்பை இலையும் எலுமிச்சைப் புல்லும் போட்டு அரிசி பாதி வெந்திருந்தது. அதை ஆவியில் ஏற்றி இறக்கியதும் அடுப்படி முழுவதும் மணத்தது. பர்ஜிமானின் பத்து விரலும் மஞ்சளாகிவிட்டன. காய்களில் தேங்காய்த் துருவல் கலந்து வைத்தாயிற்று. தெம்பே மொறுமொறுவென்று வந்திருந்தது. முட்டையை மெல்லிசாக ஊற்றி, சுருட்டி, நூலாக நறுக்கியும் ஆயிற்று. ஒரு மாதத்து உழைப்பு வீண் போகவில்லை.

"சரி, கூம்பை எடுங்க" என்றாள் தர்மி.

"எந்தக் கூம்பு?"

தர்மி வெங்காயத்தை வைத்தாள். "சோத்தை அடைச்சுக் கவுக்கிற மூங்கில் கூம்பு. சோறு தானா எழுந்து நிக்கும்னு நினைச்சீங்களா?"

உண்மையில் அவர் அதைப் பற்றி நினைக்கவே இல்லை. பரணிலிருந்து ஒரு சின்னக் கூம்பைத் தேடி எடுத்தார். தர்மி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கோழிக்குஞ்சுக்குப் பிறந்த நாள்னா இது போதும்."

"சந்தைக்குப் போய் வாங்கிட்டு வந்துடறேன்."

"வேண்டாம் அப்பா" என்று கூடத்திலிருந்து வெனிங்கின் குரல் கேட்டது. பாய் விரித்துக்கொண்டிருந்தவள் வாசலுக்கு வந்து, தெருவைத் தாண்டி ஒரு சத்தம் கொடுத்தாள். "பாக் ஹர்சோ! உங்க வீட்டுப் பெரிய கூம்பு கிடைக்குமா?"

ஹர்சோயோவின் மனைவி உயிரோடு இருந்த காலத்தில் தும்பெங் செய்து விற்றவள். அந்தச் சந்தில் பெரிய கூம்பு அவர் வீட்டில் மட்டும்தான் இருந்தது. பர்ஜிமானுக்கு நெஞ்சில் கொள்ளிக்கட்டை விழுந்தது போலிருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஹர்சோயோ வந்துவிட்டார். கூம்பைக் கழுவித் துடைத்து, கூடவே வாட்டிய வாழையிலையும் ஒரு சின்னக் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயும் கொண்டுவந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை.

"பாக் பர்ஜி, சின்ன விஷயம்தான். நுனியில இலையைச் சுருட்டி வைங்க. உள்ள எண்ணெய் தடவுங்க. கவுத்தப்புறம் ஒரு டீ குடிக்கிற நேரம் அப்படியே விட்டுட்டு..."

"தெரியும்" என்றார் பர்ஜிமான்.

"என் வீட்டுக்காரி சொல்லுவா, நுனிதான் ரோஷக்கார இடம்னு..."

"தெரியும்னு சொன்னேனே."

ஹர்சோயோ புன்னகைத்து, எண்ணெய்க் கிண்ணத்தை மேடையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். தர்மி பின்கட்டுக்கு இலை நறுக்கப் போனாள். பர்ஜிமான் தனியாக நின்றார். எண்ணெயைப் பார்த்தார். அந்த ஆளின் எண்ணெய் இல்லாமல் தன் மனைவியின் சோறு நிற்காதா? கிண்ணத்தை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சூடான சோற்றைக் கூம்புக்குள் அள்ளிப் போட்டு, குழவியால் இடித்து அடைத்தார். வட்டச் சுளகில் இலை விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கவிழ்த்தார். சாயாமல் நின்றது.

அப்போதுதான் வாசலிலிருந்து சுலஸ்த்ரியின் சிரிப்பு கேட்டது.

எட்டிப் பார்த்தார். குளித்து முடித்து, மகள் வாங்கி வந்த பத்திக் சட்டையில் அவள் மாமரத்தடியில் நின்றாள். ஹர்சோயோ ஆர்க்கிட்டைக் காட்டி ஏதோ சொல்கிறார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். பர்ஜிமான் காலையிலிருந்து வெந்த வேக்காட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சிரிப்பும் வரவில்லை. பேசுகிறவனுக்குச் சிரிப்பு, சமைக்கிறவனுக்குப் புகை.

டீ குடிக்கிற நேரமாவது, ஒன்றாவது. இரண்டு கையாலும் கூம்பைப் பற்றி விருட்டென்று தூக்கினார். ஆவி முகத்தில் அடித்தது. சோறு நிற்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்ததோடு சரி. கூம்பைத் தூக்கிக்கொண்டு நேரே வாசலுக்குப் போய் ஹர்சோயோவின் நெஞ்சில் இடிக்காத குறையாக நீட்டினார்.

"வேலை முடிஞ்சுது. ரொம்ப நன்றி. உங்களுக்கும் ஆயிரம் வேலை இருக்கும்."

ஹர்சோயோ கூம்பை வாங்கிக்கொண்டார். சுலஸ்த்ரி கணவனையும் கூம்பையும் பார்த்தாள். "மாஸ், கழுவக்கூட இல்லையே..."

"நான் கழுவிக்கிறேன், பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு ஹர்சோயோ தெருவைக் கடந்து போனார்.

பர்ஜிமான் வெற்றி வீரராக அடுப்படிக்குத் திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

தும்பெங்குக்குத் தலை இல்லை.

மஞ்சள் மலை உச்சி முறிந்து மொட்டையாக நின்றது. எண்ணெய் காணாத நுனி மூங்கிலில் ஒட்டிக்கொண்டு, கூம்போடு போய்விட்டது. எந்த உச்சிக்காக ஒரு மாதம் புகை குடித்தாரோ, அதைத் தன் இரண்டு கையாலும் தூக்கிக் கொண்டுபோய் அந்த ஆளிடமே கொடுத்துவிட்டு, நன்றியும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

ஓடிப்போய்க் கேட்கலாம். என்னவென்று கேட்பது? 'என் பொண்டாட்டியோட உச்சி உங்ககிட்ட இருக்கு, கொடுங்க' என்றா? அதற்கு முதுகு வலியே மேல்.

பானையில் மிஞ்சிய சோற்றை அள்ளி, உள்ளங்கையில் வைத்து அழுத்தி அழுத்தி ஒரு நுனி பிடித்தார். மொட்டையின் மேல் வைத்தார். நிற்கவில்லை. வாழையிலையில் ஒரு சின்னத் தொப்பி செய்து மேலே கவிழ்த்தார். நின்றது. தொப்பியில் சிவப்பு மிளகாய்ப் பூவையும் குத்தினார். உள்ளே வந்த தர்மி, "பரவாயில்லையே, அழகாத்தான் இருக்கு" என்றாள். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மத்தியானம் எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். சுலஸ்த்ரியின் தம்பியும் அவன் மனைவியும் வந்திருந்தார்கள். பர்ஜிமானின் மினிபஸ்ஸில் இருந்த பழைய கண்டக்டர் கொஞ்சம் முன்னதாகவே வந்து சுவரோரம் சாய்ந்துவிட்டார். சுலஸ்த்ரி சுற்றிப் பார்த்தாள்.

"பாக் ஹர்சோ எங்கே?"

"வேலை இருக்குன்னாரு" என்றார் பர்ஜிமான், சுளகைச் சரி செய்தபடி.

"அவரா சொன்னாரு?"

பர்ஜிமான் வாழையிலையின் ஓரத்தை நீவினார். சுலஸ்த்ரி மகள் பக்கம் திரும்பினாள். "அவர் கூம்புல சோறு பண்ணிட்டு அவரை விட்டுட்டுச் சாப்பிடறதா? கூட்டிட்டு வா, வெனிங்."

வெனிங் எழுந்து போனாள். தம்பி துஆ ஓதினான். எல்லோரும் ஆமீன் சொன்னார்கள். கத்தி சுலஸ்த்ரியின் கைக்கு வந்தது. பர்ஜிமான் மஞ்சள் விரல்களை மடியில் மறைத்துக்கொண்டார். உச்சி பொய்யானாலும் கொடுக்கிற கை பொய்யில்லையே என்று ஒரு நப்பாசை. எதிர் வீட்டிலிருந்து வருவதற்குள் அவள் வெட்டிவிட்டால் போதும்.

சுலஸ்த்ரி இலைத் தொப்பியைத் தூக்கினாள். தொப்பியோடு உச்சியும் சேர்ந்து வந்துவிட்டது. கீழே மொட்டை.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு தர்மி சொன்னாள்: "தொப்பியைக் கழட்டினா வழுக்கை. நம்ம கண்டக்டர் மாதிரியே."

கண்டக்டர் தன் தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பர்ஜிமானின் காது சூடானது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் ஹர்சோயோ வெனிங்கோடு உள்ளே வந்தார். கையில் அந்தப் பச்சை விளிம்புக் கிண்ணம். சிரிப்பைப் பார்க்கவில்லை, சோற்றைப் பார்க்கவில்லை. நேரே பர்ஜிமான் முன்னால் வந்து குனிந்து உட்கார்ந்தார்.

"பாக் பர்ஜி, நான் என்ன சொல்றதுன்னே தெரியல" என்றார். "கூம்பைக் கழுவலாம்னு எடுத்தேன். உள்ள உச்சி இருந்துச்சு. பாத்திரத்தை வெறுமனே கொடுக்கக் கூடாதுன்னு எல்லாரும் ஏதாவது வைப்பாங்க. உச்சியையே யாராவது வைப்பாங்களா?"

பர்ஜிமான் வாயைத் திறந்தார். ஹர்சோயோ நிறுத்தவில்லை.

"ஆகஸ்ட்ல எனக்குக் கொடுத்தது தெருவோட உச்சி. சந்து முனை அலங்கார வளைவுக்குப் பெயின்ட் அடிச்சதுக்காகச் சங்கத்துல முடிவு பண்ணி, பு சுலஸ்த்ரியைக் கொடுக்கச் சொன்னாங்க. இது வீட்டு உச்சி. என் வீட்டுக்காரி போனப்புறம் ஒரு வீட்டுலேர்ந்து எனக்கு உச்சி வந்தது இன்னிக்குத்தான்."

"சாப்பிட்டுட்டீங்களா?" என்று பர்ஜிமானின் தொண்டையிலிருந்து வந்தது.

"ஒரு பருக்கை விடல."

எல்லோரும் இப்போது பர்ஜிமானைத்தான் பார்த்தார்கள். சுலஸ்த்ரியும் பார்த்தாள். ஆகஸ்ட் மாதத்திலிருந்து அவர் ஏங்கிக் கிடந்த பார்வை அது. அவர் செய்யாத ஒரு காரியத்துக்காக, அதுவும் அந்த ஆளின் வாயால் வந்து சேர்ந்திருந்தது. உண்மையைச் சொன்னால் பார்வை போய்விடும். சொல்லாவிட்டால் அந்த ஆள் என்றைக்கும் நன்றி சொல்லிக்கொண்டே இருப்பார். இரண்டில் எது பெரிய தண்டனை என்று அவருக்கு விளங்கவில்லை.

"வெறும் கூம்பை எப்படிக் கொடுக்கிறது" என்றார் கடைசியில்.

ஹர்சோயோ கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார். உள்ளே புளிச்சக் காய்த் தொக்கு. மணத்திலேயே தெரிந்தது, நன்றாகத்தான் இருக்கும்.

சுலஸ்த்ரி கத்தியைக் கீழே வைத்தாள். கரண்டியை எடுத்து மலையின் அடியிலிருந்து சோற்றைத் தோண்டி, அக்காவுக்கு, தம்பிக்கு, ஹர்சோயோவுக்கு, கண்டக்டருக்கு என்று வரிசையாக வைத்தாள். ஒவ்வொரு தட்டாகப் போவதைப் பர்ஜிமான் பார்த்துக்கொண்டே இருந்தார். தன் முறை வரவில்லை. எல்லோரும் சாப்பிட ஆரம்பித்த பிறகு அவள் அந்த இலைத் தொப்பியை எடுத்து, ஒரு தட்டில் மெதுவாகக் கவிழ்த்தாள். உள்ளிருந்த பொய் உச்சி உடையாமல் விழுந்தது. அதன் பக்கவாட்டில் விரல் தடங்கள் பதிந்திருந்தன. பக்கத்தில் கோழியின் ஈரலையும் முட்டை நூலையும் வைத்து, எழுந்து வந்து, அவர் கையில் கொடுத்தாள்.

"இந்தாங்க. பிடிச்ச கைக்கே."

குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். தர்மி மட்டும் கேட்டுவிட்டு மென்றுகொண்டே இருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றார் அவர், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"கூம்பை அவர் நெஞ்சுல இடிச்ச வேகத்தைப் பார்த்தேனே மாஸ். யாராவது மரியாதை செய்யறவங்க அப்படியா கொடுப்பாங்க?"

"ஆகஸ்ட்ல நீ..."

"சங்கத்துல சொன்னதால கொடுத்தேன். அதுக்கு முன்னாடி உங்களைத்தான் கண்ணால தேடினேன். நீங்க மைதான கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணி வெச்சுக்கிட்டு, எப்போ வீட்டுக்குப் போகலாம்னு நின்னீங்க. ஓடுற வண்டிக்கு யாரு உச்சி கொடுப்பாங்க?" அவர் தட்டைச் சுட்டினாள். "இன்னிக்கு உள்ளே இருக்கீங்க. சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டார். உச்சியில் உப்பு குறைவாக இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

வெயில் இறங்கியதும் கண்டக்டர் பாயிலேயே தூங்கிப்போனார். தர்மி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேடினாள். ஹர்சோயோ விடைபெற எழுந்தார். "மாஸ், கிண்ணத்தைக் கொடுத்தனுப்புங்க" என்று சுலஸ்த்ரி கூடத்திலிருந்து சொன்னாள்.

பர்ஜிமான் அடுப்படியில் பச்சை விளிம்புக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்தார். கோழிச் சட்டியைத் திறந்தார். ஒரு தொடை மிச்சம் இருந்தது, நல்ல சதைப்பிடிப்பாக. அதைக் கரண்டியால் தள்ளிவிட்டு, அடியிலிருந்து ஒரு கழுத்துத் துண்டைத் தேடி எடுத்துக் கிண்ணத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வாசலில் அந்த மெதுவான குரல், ஆர்க்கிட்டின் அடுத்த மொட்டைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

பர்ஜிமான் பெருமூச்சு விட்டு, ஒரு இறக்கையையும் எடுத்துக் கழுத்தின் பக்கத்தில் வைத்தார். தொடை வைக்கிற அளவுக்கு இன்னும் மனசு வரவில்லை.